குதிரை ஆல்பத்தின் கடைசி மணி

ஒரே ஆல்பத்தை ஒரு மனிதன் எத்தனை தடவை வாங்கலாம்? என் வீட்டுக்காரர் யூஜின் ஆறு தடவை வாங்கியிருக்கிறார். பாட்டு அதே பாட்டு. பாடுகிறவர்கள் அதே நான்கு இங்கிலாந்துச் சடைமுடிக்காரர்கள், அதில் இரண்டு பேர் செத்தும் போனார்கள். அட்டையில் அதே வெள்ளைக் குதிரை அதே மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. இத்தனை வருடத்தில் அதற்குச் சளி பிடிக்காததுதான் ஆச்சரியம். எங்கள் வீட்டில் அதற்குக் குதிரை ஆல்பம் என்று பெயர்.

நான் இசபெல். இனயம் என்கிற கடற்கரை ஊர்க்காரி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் அடக்கி உட்காரவைத்துவிடுவேன். இந்த ஒரு மனிதரை முப்பது வருடமாக அடக்க முடியவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் காதிலிருந்துதான் தொடங்கவேண்டும். எண்பத்திரண்டில் பஹ்ரைனுக்குப் போனார். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக் என்கிற குட்டிக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. எங்கள் கடற்கரை ஆண்களுக்கு எஞ்சினைக் காதால் பார்க்கத்தான் தெரியும். வள்ளத்து மோட்டார் இரண்டு கடல் மைல் தூரத்தில் இருமினாலும், கரையில் நின்று எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். இவரும் அந்தப் பழக்கத்தை டக்குக்குக் கொண்டுபோனார். கம்பெனி கொடுத்த காதுமூடியை ஆணியில் தொங்கப்போட்டார். "காத மூடிட்டா எஞ்சினுக்க நோவு எப்பிடித் தெரியும்?" என்பது இவர் கேள்வி. கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகூட இவரைக் கூப்பிட்டுத்தான் எஞ்சினைக் கேட்கச் சொல்வாராம். ஊருக்கு வந்தால் அந்தப் பெருமையை நாலு தெருவுக்குச் சொல்வார்.

அங்கேதான் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் குதிரை ஆல்பத்தைக் கேசட்டாக இவர் தலையில் கட்டினார். எண்பத்தெட்டில் யூஜினின் அம்மை ஊரில் இறந்துபோனபோது இவரால் வரமுடியவில்லை. தந்தி போய்ச் சேர்ந்ததே அடக்கம் முடிந்த பிறகுதான். என்ன செய்வதென்று தெரியாமல் படுக்கையில் கிடந்து அந்தக் கேசட்டைப் போட்டிருக்கிறார். கடைசிப் பாட்டில் கிட்டாரெல்லாம் அலறி ஓய்ந்து, டிரம்மும் நின்று, ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு ஒரே ஒரு சின்ன மணி, கிணிங் என்று. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது பீடத்தில் அடிப்பார்களே, அச்சாக அந்த மணி. இவர் சின்ன வயதில் பீடத்தில் அந்த மணியை அடித்தவர். கேட்டதும் தலை தானாகக் குனிந்துவிட்டதாம்.

"அண்ணைக்கு எனக்கு அதுதான் ஏட்டி அம்மைக்குள்ள பூசை" என்று சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதனால்தான் அந்த ஆல்பத்தை நான் அடுப்பில் போடவில்லை. இல்லையென்றால் என்றைக்கோ போட்டிருப்பேன்.

இரண்டாயிரத்து நான்கு நவம்பரில் ஒரேயடியாக ஊர் திரும்பினார். ஒரு தகரப்பெட்டி நிறையக் கேசட். அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. நாங்கள் கோவிலிலிருந்து அப்படியே மேட்டுக்கு ஓடித் தப்பினோம். முன்வீட்டுச் சுவர், கட்டில், தகரப்பெட்டி எல்லாம் போயிற்று. பக்கத்துத் தெருவில் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இவர் மூன்றாம் நாள் மணலைக் கிளறிக்கொண்டு நிற்கிறார்.

"ஆளு போன ஊருல கேசட்டு தேடுகியளே, நாலுபேரு பாத்தா என்ன நினைப்பாவ?" என்று கத்தினேன். குனிந்து கிளறிக்கொண்டே இருந்தார். பெட்டியின் மூடி மட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு பிணம் தூக்கப் போனவர்களோடு போய்விட்டார், நாலு நாள் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குக் கத்தியதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு.

ரோட்டோரமாக மேலே புது வீடு கட்டிக் குடியேறியதும் இவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மணியை மறுபடி கேட்கவேண்டும். இரண்டாயிரத்து ஆறில் என் தம்பி பிரைட்டன் துபாயிலிருந்து குதிரை ஆல்பத்தைச் சிடியாக வாங்கிவந்தான். பழைய நாடாவைத் துலக்கிப் புதுப்பித்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. யூஜின் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்தது. முகம் சுண்டிவிட்டது.

"மணிய வெட்டிட்டானுவ" என்றார்.

"எந்த மணி?"

"நம்ம மணி. துலக்குகேன் துலக்குகேன்னு சொல்லி அதையும் சேத்துத் துடைச்சுட்டான், சவத்துப் பய."

அன்றைக்குத் தொடங்கியது என் தலைவலி. இரண்டாயிரத்து எட்டில் டீலக்ஸ் பதிப்பு, இரண்டு சிடி. மணி இல்லை. இரண்டாயிரத்துப் பத்தில் ஜப்பானிலிருந்து தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிய அட்டையில் ஒன்று. மணி இல்லை. ஒவ்வொரு தடவையும் லண்டனில் இருக்கிற கம்பெனிக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம். எழுதுவது யார்? நான். நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்திவிட்டு வந்து, "பெருமதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் எங்கள் மணியை எங்கே வைத்தீர்கள்" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அவர்களும் பாவம், மரியாதையாகப் பதில் போட்டார்கள். மூல நாடாவில் இருந்த எதையும் தாங்கள் நீக்கவில்லையாம். படித்துக் காட்டினால் இவருக்குக் கோபம் இன்னும் ஏறும், பதிலுக்குப் பதில் இன்னொரு கடிதம்.

இன்டர்நெட்டில் இந்தப் பழைய ராக் பாட்டு வெறியர்களுக்கென்றே ஒரு சபை உண்டு. எந்தப் பதிப்பில் எந்தக் கருவி கூடக் கேட்கிறது என்று உலகம் பூராவும் இருந்து சண்டை போடுவார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதில் இவர் போய் மணி இல்லை என்று எழுதினார். நார்வேயிலிருந்து ஒருவர், மணி இருக்கிறதே, நாலு நிமிடம் பதினோராவது வினாடியில் தெளிவாகக் கேட்கிறதே என்று எழுதினார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் ஆமாம் என்றார். "கம்பெனிக்காரன் சம்பளம் குடுத்து வச்சிருக்க ஆளுவ" என்று யூஜின் முடிவுகட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த லாஸ்லெஸ் வந்தது. எனக்குப் புரியவில்லை என்றதும் விளக்கம் சொன்னார்.

"எம்பித்ரீன்னா கருவாடு. பாதிய உலத்தி எறிஞ்சிருப்பான். லாஸ்லெஸ்ன்னா இப்பக் கரையில எறக்குன பச்சமீனு. ஒண்ணும் போவாது."

"கருவாட்டுக்கு என்ன கொறச்சல்? போனவாரம் கருவாட்டுக் கொழம்ப வழிச்சு நக்கினிய!"

என்னிடம் பேசிப் பிரயோசனமில்லை என்கிற மாதிரிக் கையை உதறிவிட்டுப் போனார்.

எங்கள் மகள் ரெஜிஷா அயர்லாந்தில் நர்ஸ். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவள்தான் குதிரை ஆல்பத்தின் லாஸ்லெஸ் பதிப்பை வாங்கி, இறக்கிக்கொள்ளும் இணைப்பை அனுப்பினாள். நம் பிராட்பேண்டில் அது இறங்க ஒரு பகல் பூராவும் ஆகும். அந்த வருடம் மின்வெட்டோ சொல்லவேண்டாம், வருவது போவது நம் கையில் இல்லை. அதற்காகக் கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் வாங்கினார். கரண்ட் போனால் அது கீச் கீச் என்று கத்தும். பேட்டரி தீர்வதற்குள் ஓடிப்போய் நிறுத்தி வைத்தால் இறங்கியது வீணாகாது. நான் பள்ளிக்கூடம் போனதும் இறக்கத்தைத் தொடங்கிவிட்டு, முற்றத்துத் தென்னை நிழலில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் நான் வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் செத்துக்கிடக்கும், இவர் திட்டிக்கொண்டிருப்பார்.

"யுபிஎஸ்ஸு கத்தல்ல. ஊமை. ஊமையப் போயித் தலையில கட்டியிருக்கான்."

ஒன்றை மாற்றினார். இரண்டாவதும் ஊமை. அதையும் மாற்றச் சனிக்கிழமை மார்த்தாண்டத்துக்கு நானும் கூடப்போனேன். கடைக்காரரை ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனேன்.

கடைக்காரர் பகவதியப்பன் சாதுவான மனிதர். யுபிஎஸ்ஸை மேசையில் வைத்து, அதில் ஒரு பல்பை மாட்டினார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

கீச். கீச். கீச்.

பல் கூசுகிற சத்தம். அடுத்த கடையில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

யூஜின் வெற்றியோடு இரண்டு கையையும் விரித்தார். "கண்டீரா? மூச்சு இல்ல!"

பகவதியப்பன் என்னைப் பார்த்தார். நான் யுபிஎஸ்ஸைப் பார்த்தேன். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. பொய் சொல்கிற பிள்ளையை முட்டுகுத்த வைக்கிறவள் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஆமா அண்ணாச்சி. சத்தம் இல்ல. வேற எடுங்க."

அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. பிறகு உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தார். "இதுல செவப்பு லைட்டும் எரியும் சார். தூரத்துல இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்" என்றார். பழையதை மேசைக்கு அடியில் வைத்து வாயை அடைத்தார். பஸ்ஸில் வரும்போது யூஜின், "நல்ல மனுசன், ஒடனே ஒத்துக்கிட்டான்" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பூசை கழிந்து அவர் கரைப்பக்கம் போனதும், வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக அந்தச் சிடியைப் போட்டேன். நாலு நிமிடம் காட்டுக்கூச்சல். பிறகு அமைதி. பதினோராவது வினாடியில், கிணிங்.

ஐயோ என் மாதாவே என்று சொல்லிவிட்டேன். இந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். சமையலறையில் நிற்கும்போதெல்லாம் கேட்டு, யாரோ சைக்கிளில் வருகிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்த்திருக்கிறேன். தபால்காரர் இன்னும் வரவில்லையே என்று வைதுகூட இருக்கிறேன். டீலக்ஸைப் போட்டேன், கிணிங். ஜப்பான்காரனைப் போட்டேன், கிணிங். எல்லாவற்றிலும் மணி பத்திரமாக இருக்கிறது. இவரிடம்தான் இல்லை.

சொல்லியிருக்கவேண்டும். பெரிய வாய்க்காரி என்று ஊரில் பெயர் வாங்கியவள், இதை மட்டும் சொல்ல முடியவில்லை. அம்மையின் பூசை மணி உங்கள் காதுக்கு இனி வராது என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம், கிறிஸ்துமஸ் கழியட்டும், ரெஜிஷா வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். சிவப்பு லைட்டின் தயவில் லாஸ்லெஸ் முழுவதும் இறங்கியது. அதிலும் மணி இல்லை என்றார். எட்டாவது கடிதம் எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, காது கேட்கிற நான், மணியைக் காணவில்லை என்று எழுதினேன். லண்டனில் அதைப் படித்த பிள்ளை எந்தப் பாவமும் அறியாதது.

கோவிலிலும் இவரைக் கவனிக்கத் தொடங்கினேன். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முட்டுகுத்தியிருப்பார். பீடத்தில் மணி அடித்ததும் எல்லோரும் தலை குனிவார்கள். இவர் மட்டும் கொஞ்சம் கழித்துக் குனிவார். பூசையிலும் குதிரை நினைப்புதான் என்று முன்பு ஒரு நாள் இதற்கும் வைதிருக்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் ரெஜிஷா விடுமுறைக்கு வந்தபோது பெரிய பெட்டி ஒன்றைச் சுமந்துவந்தாள். குதிரை ஆல்பத்தின் நாற்பதாவது ஆண்டுப் பெட்டி. குடும்ப பைபிளைவிடக் கனம். உள்ளே படப்புத்தகம், சுவரொட்டி, வட்டு வட்டாக எத்தனையோ. ஒன்றில் ஸ்டுடியோவில் பிடித்த மூல நாடாவையே ஒரு தூசும் தட்டாமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்களாம். இதற்கு மேல் பதிப்பு கிடையாது, இதோடு சரி என்றாள்.

அன்றைக்கும் குளித்தார், வெள்ளை வேட்டி கட்டினார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் ரெஜிஷாவும் எதிரே உட்கார்ந்திருந்தோம். பாட்டு முடிந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார்.

"நீ கேளு" என்றார்.

பாட்டை மறுபடி தொடங்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். வகுப்பில் திருட்டு முழி முழிக்கிற பிள்ளையை நான் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன். கிட்டார் ஓய்ந்தது, டிரம் நின்றது, கிணிங். நான் என்ன செய்வேன்? ஐம்பது வருடப் பழக்கம், தலை தானாகக் குனிந்துவிட்டது.

"இருக்கு" என்றார் யூஜின்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். ரெஜிஷா அழத் தொடங்கிவிட்டாள்.

"பூசையில முன்னால நிக்கவனுக்க முதுகப் பாத்துத்தான் நான் குனியேன், ஏட்டி. எத்தன வருசமாச்சுன்னு நெனச்ச? இண்ணைக்கு உனக்க மொகத்தப் பாத்தேன், அவ்வளவுதான்."

"அப்ப அந்த மார்த்தாண்டத்துல?"

"கடக்காரன் உன்னப் பாத்தாம்லா. நீ பொய் சொன்னா உனக்க மூக்கு செவக்கும்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "எல்லாம் தெரிஞ்சுமா எனக்கக் கையால லெட்டர் எழுத வச்சிய? மூணு வருசமா? அந்தக் கம்பெனிக்காரன் நம்மளப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்! நான் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு வாயக் கட்டிட்டுக் கெடக்கேன், நீங்க எனக்குத் தெரியக்கூடாதுன்னு..."

"கம்பெனிக்காரன்கிட்ட சண்ட போடது வரைக்கும், மணி எங்கயோ இருக்கு, ஒருநாளு திருப்பித் தருவான்னு இருக்கும்லா" என்றார். "காதுகிட்ட சண்ட போட்டா எதக் கேக்க?"

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ரெஜிஷா சும்மா விடவில்லை. நாகர்கோவிலில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தாழ்ந்த சத்தங்களில் நேராகப் போன கோடு, உயர்ந்த சத்தங்கள் வந்ததும் கிணற்றுப் படியில் இறங்குவதுபோல் இறங்கியது. இருபது வருட எஞ்சின் அறை என்றார். காதுமூடி போட்டதில்லையா என்று கேட்டார். யூஜின் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். காதுக்கு மெஷின் வாங்கினோம். பேச்சுக்கு அது நல்ல உதவி. என் ஏச்சு இப்போது முழுசாகக் கேட்கிறது. பாட்டுக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுவார்.

"மணி கேக்கத்தான் செய்யுது. ஆனா தகரத்துல தட்டுன மாதிரி. இது எம்பித்ரீ, ஏட்டி" என்றார். காது போன பிறகும் இந்த மனிதருக்குக் கருவாடு ஆகாது!

ரெஜிஷா போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்தார். மெஷினைக் கழற்றி வைத்தார். "வா, இஞ்ச இரி" என்று என்னைப் பக்கத்தில் இருத்தி, என் கையைத் தூக்கித் தன் முழங்கையில் வைத்துக்கொண்டார்.

"மணி வரும்போ ஒரு தட்டு தட்டு."

அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாற்பது நோட்டு திருத்தக் கிடந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். நாலு நிமிடம் அந்தக் காட்டுக்கூச்சலைக் காது கிழியக் கேட்டேன். அமைதி வந்தது. கிணிங் என்றது. உடனே தட்டினேன்.

கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிந்திட்டு" என்றார்.

"என்னது?"

"ஒரு பொடி பிந்திட்டு. மணி முந்தி வந்தாச்சு."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. காது கேளாத மனிதர், காது கேட்கிறவளுக்குக் கணக்குச் சொல்கிறார்! மறுபடி போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மணி கேட்ட நொடியில் தட்டினேன். அப்போதும் பிந்திவிட்டது என்றார். மூன்றாம் தடவையும் அதையே சொன்னார். கேட்டு, பிறகு கை இறங்குவதற்குள் மணி போய்விடுகிறது, அவர் சொல்வது சரிதான். அதை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வேறு வந்தது.

நாலாம் தடவை நான் காதைத் தீட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டார் ஓய்ந்தது, டிரம் நின்றது. கண்ணை மூடியிருந்தவரின் தலை மெல்லக் குனியத் தொடங்கியது. நான் தட்டினேன். அப்போதுதான் மணி அடித்தது.